எல்என்எஸ் அமைக்கிறீர்களா? டனல் வழியாக வரும் சந்தாதாரரை உங்கள் சர்வரில் இறக்கும் வழி

முதன்முதலாக எல்என்எஸ் (வேறொரு நிறுவனத்தின் வலை வழியாக டனலில் வரும் சந்தாதாரர் இணைப்பை வாங்கி முடிக்கும் சர்வர்) அமைக்க உட்காருபவர்கள் அநேகமாக ஒரே மாதிரி இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். டனல் எழும்பிவிட்டதாகத் திரை சொல்லும், சந்தாதாரர் மட்டும் உள்ளே வரமாட்டார். இல்லை, உள்ளே வந்து மூன்று வினாடியில் போய்விடுவார். அதுவும் இல்லை என்றால் நன்றாக வந்து உட்கார்ந்துகொண்டு, சில தளங்கள் திறக்கின்றன, சில திறக்கவில்லை என்று புகார் செய்வார். இந்த மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு அடுக்கில் இருக்கிறது. எந்த அடுக்கு என்று தெரியாமல் கன்ஃபிகை அங்கும் இங்கும் மாற்றிக்கொண்டே போனால், சரியாக இருந்ததும் கெட்டுவிடும். அதனால் கீழிருந்து மேலாகப் போவோம். ஒவ்வொரு அடுக்கும் நிற்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். நான் வற்புறுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான்.

முதலில் யார் யாரோடு பேசுகிறார்கள்

சந்தாதாரர் வீட்டு ரவுட்டர் பிபிபிஓஈ மூலம், அதாவது ஈதர்நெட் மேல் ஓடும் பிபிபி என்ற இணைப்பு நெறிமுறை மூலம், இணைப்பு கேட்கிறது. அதைக் கேட்டு வாங்குவது எல்ஏசி, அதாவது அணுகல் பக்கத்தில் இருக்கும் பெட்டி. பெரும்பாலும் அது வேறொரு நிறுவனத்துடையது, உங்கள் கையில் இருக்காது. எல்ஏசி சந்தாதாரரோடு பேசத் தொடங்கி, அவர் பெயரில் @ குறிக்குப் பின்னால் வரும் ரெல்மைப் பார்த்து, "இவர் நம்ம ஆள் இல்லை, அங்கே அனுப்ப வேண்டியவர்" என்று முடிவு செய்கிறது. உடனே உங்கள் சர்வருக்கு ஒரு எல்2டிபி டனல், அதாவது பிபிபி பேச்சை ஐபி வலைக்குள் சுமந்துபோகும் பாதை, போட்டு (ஏற்கெனவே இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு) அதற்குள் இந்தச் சந்தாதாரருக்காக ஒரு செஷன் திறக்கிறது. பிபிபி முடியும் இடம் உங்கள் எல்என்எஸ். ஐபி முகவரி தருவதும் கணக்கு வைப்பதும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் நீங்கள்.

இதில் புதியவர்கள் கவனிக்கத் தவறும் விஷயம், உங்கள் சர்வர் அந்தச் சந்தாதாரரை முதன்முதலாகப் பார்க்கும்போது அவர் வேறொருவரிடம் பாதி பேச்சை முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பது. எல்சிபி (பிபிபி இணைப்பின் நிபந்தனைகளை இரு முனையும் ஒப்புக்கொள்ளும் பேச்சு) பேசியாகிவிட்டது, கடவுச்சொல் கேட்டாகிவிட்டது. அந்தப் பாதிப் பேச்சை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா, மறுபடி ஆரம்பத்திலிருந்து பேசச் சொல்கிறீர்களா என்பதில்தான் பாதிப் பிரச்சினை பிறக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எல்2டிபி 1999 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 2661 ஆக வந்தது (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவண வரிசை). பிபிடிபி, சிஸ்கோவின் எல்2எஃப் என்ற இரண்டு பழைய டனல் முறைகளிலிருந்தும் எடுத்துச் சேர்த்தது. போக்குவரத்து யுடிபி 1701. பிறகு 2005இல் மூன்றாம் பதிப்பு ஆர்எஃப்சி 3931 ஆக வந்தது, ஆனால் சந்தாதாரர் பிபிபி வேலைக்கு இன்றும் நீங்கள் சந்திக்கப்போவது பெரும்பாலும் இரண்டாம் பதிப்பைத்தான்.

கன்ஃபிக் தொடுவதற்கு முன் வாங்க வேண்டியவை

எல்ஏசி வைத்திருப்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எல்ஏசிகளின் முகவரிகள் (ஒன்று இரண்டு மட்டும் கொடுத்துவிட்டு மீதியை மறந்துவிடுவார்கள், முழுப் பட்டியல் கேளுங்கள்), டனல் கேட்கும்போது அது சொல்லிக்கொள்ளும் பெயர், டனல் கடவுச்சொல், சந்தாதாரரிடம் அது பாப் (கடவுச்சொல்லையே அனுப்பும் முறை) கேட்கிறதா சாப் (கேள்விக்குக் கணக்கிட்ட பதிலை அனுப்பும் முறை) கேட்கிறதா, எல்ஏசிக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள பாதை தாங்கும் எம்டியு, அதாவது துண்டாகாமல் போகும் மிகப் பெரிய பாக்கெட் அளவு. கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்பதில்லை. ஆறு மாதம் கழித்து வரும் புகார்களில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வரும்.

டனல் முகவரியும் சந்தாதாரர் முகவரியும் வேறு வேறு இடத்தில்

சர்வரில் இரண்டு லூப்பேக் (எந்தக் கேபிளோடும் ஒட்டாத மென்பொருள் இடைமுகம்) போடுங்கள். ஒன்று டனல் வந்து முடியும் முகவரி, உதாரணத்துக்கு 192.0.2.1 என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று சந்தாதாரருக்கு எதிர்முனையாகத் தெரியும் முகவரி, 198.51.100.1. முடிந்தால் இரண்டையும் தனித்தனி ரவுட்டிங் டேபிளில், அதாவது தனி விஆர்எஃப்பில் வையுங்கள். சந்தாதாரர் ஒருவர் வீட்டிலிருந்தபடியே உங்கள் எல்ஏசி பக்கத்து முகவரிகளைத் தொட முடியக் கூடாது. பிறகு பிரிக்கலாம் என்று தள்ளிப்போட்டால், ஆயிரக்கணக்கான செஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரிக்க வேண்டிவரும். முதல் நாளே செய்துவிடுங்கள்.

லூப்பேக் ஏன், நேரடி இடைமுகத்தின் முகவரியே போதாதா என்றால், போதாது. ஒரு கேபிள் அறுந்தால் அந்த முகவரியும் அதோடு போகும். லூப்பேக் இருந்தால் இன்னொரு பாதையில் ரவுட்டிங் திரும்பி டனல் பிழைத்துக்கொள்ளும்.

அப்புறம் யுடிபி 1701ஐ எல்ஏசி முகவரிகளுக்கு மட்டும் திறந்து, மற்ற எல்லாருக்கும் மூடுங்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பெரிய பாக்கெட் துண்டாக்கப்பட்டு வந்தால் முதல் துண்டில் மட்டும்தான் போர்ட் எண் இருக்கும், அடுத்த துண்டுகளில் இருக்காது. 1701 என்று மட்டும் பார்க்கும் ஃபில்டர் அந்தத் துண்டுகளைச் சத்தமில்லாமல் தூக்கிப்போட்டுவிடும். அதனால் எல்ஏசி முகவரிகளிலிருந்து வரும் துண்டுகளுக்கும் ஒரு விதி எழுதுங்கள். துண்டாகாமலே பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. அதையும் கீழே சொல்கிறேன்.

எல்2டிபி தன்னளவில் எதையும் மறைகுறியாக்காது. நடுவில் உள்ள பாதை பொது இணையமாக இருந்தால் ஐபிசெக் என்ற மறைகுறியாக்கம் வேண்டும், ஆர்எஃப்சி 3193 அதற்காகவே எழுதப்பட்டது. தனிப் பாதை என்றால் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை.

டனலை எழுப்புவது

பெட்டிக்குப் பெட்டி பெயர்தான் மாறும், வேலை ஒன்றுதான். சிஸ்கோவில் முதலில் விபிடிஎன் என்ற டனல் வசதியை இயக்கி, ஒரு விபிடிஎன் குரூப் உருவாக்கி, அதில் உள்வரும் அழைப்பை ஏற்றுக்கொள், புரோட்டோகால் எல்2டிபி, இந்த எண்ணுள்ள விர்ச்சுவல் டெம்ப்ளேட்டை (ஒவ்வொரு செஷனுக்கும் நகலெடுக்கப்படும் மாதிரி அமைப்பு) பயன்படுத்து என்று எழுதுவீர்கள். கூடவே எந்தப் பெயருள்ள எல்ஏசியிடமிருந்து ஏற்பது, உங்கள் பெயர் என்ன, டனல் கடவுச்சொல் என்ன என்பதும் வரும். ஜூனிபர் எம்எக்ஸில் இதற்கென்று எஸ்ஐ என்று தொடங்கும் சேவை இடைமுகம் உண்டு. லினக்ஸில் செய்வதாக இருந்தால் ஆக்செல்-பிபிபி என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்எல்2டிபிடி சின்ன அளவுக்குப் பரவாயில்லை, நிறையச் சந்தாதாரர்களை வைத்து நடத்த நான் அதைச் சொல்லமாட்டேன்.

இங்கே பாக்கெட்டைப் பிடித்துப் பார்க்கும் பழக்கத்தை ஆரம்பித்துவிடுங்கள். டனல் எழும்பும்போது மூன்று செய்திகள் போக வேண்டும். எல்ஏசியிடமிருந்து எஸ்சிசிஆர்கியூ வரும், நீங்கள் எஸ்சிசிஆர்பி அனுப்புவீர்கள், அது எஸ்சிசிசிஎன் என்று முடிக்கும். முதல் செய்தி வரவே இல்லையா, ரவுட்டிங் அல்லது ஃபில்டர். கன்ஃபிகைத் தொடாதீர்கள். முதல் செய்தி வருகிறது, நீங்கள் பதில் அனுப்புகிறீர்கள், அது மறுபடி மறுபடி அதையே கேட்கிறதா, உங்கள் பதில் அங்கே போய்ச் சேரவில்லை, அல்லது வேறொரு மூல முகவரியிலிருந்து போகிறது. பதில் போனதும் ஸ்டாப்-சிசிஎன் என்று வெட்டிக்கொள்கிறதா, அதற்குள் இருக்கும் காரண எண்ணைப் பாருங்கள். 4 என்றால் அனுமதி இல்லை என்று அர்த்தம். பெயர் பொருந்தவில்லை, அல்லது கடவுச்சொல் தவறு.

கடவுச்சொல் விஷயத்தில் நான் ஒரு முழு மாலையைச் செலவழித்திருக்கிறேன். எதிர்முனையில் இருந்தவர் மின்னஞ்சலில் அனுப்பியதை அப்படியே எடுத்து ஒட்டினேன், அனுமதி இல்லை என்றே வந்தது. இரண்டு பக்கமும் தொலைபேசியில் எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினோம், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் பார்த்தால் ஒட்டிய சொல்லின் முடிவில் ஒரு இடைவெளி. வாயால் படிக்கும்போது இடைவெளி கேட்பதில்லையே. அன்றிலிருந்து டனல் கடவுச்சொல்லை நான் கையால்தான் தட்டச்சு செய்கிறேன். முதலில் தற்காலிகமாக ஒரு எளிய சொல்லை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்து, டனல் எழும்பிய பிறகுதான் நிஜமானதை வைக்கிறேன்.

டனல் நின்றதும், அது உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது ஹலோ செய்தி போகும். இயல்பாக 60 வினாடி. சீக்கிரம் கண்டுபிடிக்கலாமே என்று அதை 5 அல்லது 10 ஆக்க ஆசை வரும். வேண்டாம். பதில் வராத ஹலோவைச் சில தடவை திருப்பி அனுப்பிப் பார்த்துவிட்டு முழு டனலையும் வெட்டிவிடுவார்கள், அதற்குள் இருக்கும் அத்தனை சந்தாதாரரும் ஒரே நொடியில் விழுவார்கள். பாதை சில வினாடி தடுமாறியதற்காக எல்லாரையும் இறக்கிவிடுவது நியாயமில்லை. திருப்பி அனுப்பும் எண்ணிக்கையையும் குறைக்காதீர்கள்.

செஷனும் பாதியில் வரும் பேச்சும்

டனலுக்குள் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் இன்னொரு மூன்று செய்தி: ஐசிஆர்கியூ, ஐசிஆர்பி, ஐசிசிஎன். இந்த மூன்றாவதை ஒருமுறையாவது திறந்து படியுங்கள். நான் சொன்ன பாதிப் பேச்சு இதற்குள்தான் இருக்கிறது. சந்தாதாரர் முதலில் கேட்ட எல்சிபி கோரிக்கை, எல்ஏசி கடைசியாக அனுப்பியது, கடைசியாக வாங்கியது, உறுதிப்படுத்தும் முறை, பயனர் பெயர், சாப் என்றால் எல்ஏசி கேட்ட கேள்வியும் சந்தாதாரர் சொன்ன பதிலும், எல்லாம் மடித்து உள்ளே வைத்திருக்கும். நீங்கள் அதை நம்பினால் அந்தக் கேள்வியையும் பதிலையும் நேராக ரேடியஸுக்கு (சந்தாதாரரை உறுதிப்படுத்தி, கணக்கும் வைக்கும் சர்வர்) அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ளலாம், சந்தாதாரரை மறுபடி தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

சிக்கல் எப்போது? எல்ஏசி பாப் என்று பேசி முடித்திருக்கிறது, உங்கள் டெம்ப்ளேட்டில் சாப் மட்டும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அல்லது அது எம்ஆர்யு (ஒரு முனை வாங்கத் தயாராக உள்ள மிகப் பெரிய பாக்கெட் அளவு) 1492 என்று ஒப்புக்கொண்டிருக்கிறது, நீங்கள் 1460 வேண்டும் என்கிறீர்கள். பேசியது ஒன்று, கேட்பது ஒன்று. அப்போது எல்என்எஸ் செஷனை வெட்டிவிடும். அதுதான் அந்த மூன்று வினாடிக் கதை.

இதற்கு உங்களிடம் மூன்று வழி உண்டு: எல்சிபியை மறுபடி பேசவே வேண்டாம், பொருந்தாவிட்டால் மட்டும் பேசு, எப்போதும் பேசு. சிஸ்கோவில் எதுவும் எழுதாவிட்டால் மறுபடி பேசாது. புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் சொல்வது நடுவில் உள்ளதை. எப்போதும் பேசு என்று வைத்தால் உங்கள் நிபந்தனைதான் செல்லும், அது நல்லதுதான், ஆனால் சில பழைய வீட்டு ரவுட்டர்கள் உறுதிப்படுத்தல் முடியும் நேரத்தில் திடீரென்று எல்சிபி மறுபடி ஆரம்பித்தால் குழம்பிப்போய்த் தொங்கிவிடும். உங்கள் சந்தாதாரர்களிடம் எந்த ரவுட்டர் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, ஆகவே தேவைப்படும்போது மட்டும் பேசுவது பாதுகாப்பு. உறுதிப்படுத்தும் முறையில் சாப் முதலில், பாப் அடுத்து என்று இரண்டையும் அனுமதியுங்கள்.

விர்ச்சுவல் டெம்ப்ளேட்டில் எழுத வேண்டியது அதிகம் இல்லை. 198.51.100.1 உள்ள லூப்பேக்கின் முகவரியைக் கடன் வாங்கிக்கொள், உறுதிப்படுத்து, இந்தப் பூலிலிருந்து (முகவரித் தொகுப்பு) முகவரி கொடு, எம்டியு இவ்வளவு, எம்எஸ்எஸ் (ஒரு டிசிபி பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவு) இவ்வளவு. மற்ற எல்லாம் ரேடியஸிலிருந்து வரட்டும். ஆளுக்கு ஆள் மாறும் எதையும் டெம்ப்ளேட்டில் எழுதாதீர்கள்.

ரேடியஸ் இரண்டு இருக்கிறது, ஒன்று உங்களுடையது

எல்ஏசியும் ஒரு ரேடியஸைக் கேட்கிறது, நீங்களும் ஒன்றைக் கேட்கிறீர்கள். எல்ஏசியின் ரேடியஸ் சொல்வது "இந்த ரெல்ம்காரரை எந்த முகவரிக்கு டனல் போட்டு அனுப்ப வேண்டும்" என்பது. டனல் வகை 3 என்றால் எல்2டிபி, ஊடகம் 1 என்றால் ஐபிவி4, சர்வர் முகவரி, டனல் கடவுச்சொல், இவை ஆர்எஃப்சி 2868இல் உள்ளவை. உங்கள் ரேடியஸ் சொல்வது "இவர் நம் சந்தாதாரரா, என்ன முகவரி, என்ன வேகம்". சந்தாதாரர் கணக்கில் தவறிப்போய் டனல் விவரங்களை எழுதிவைத்தால், சில பெட்டிகள் அவரை மறுபடி இன்னொரு டனலில் அனுப்பப் பார்க்கும். இரண்டையும் கலக்காதீர்கள்.

போர்ட் 1812 உறுதிப்படுத்தலுக்கு, 1813 கணக்குக்கு. பழைய பெட்டிகள் 1645, 1646 என்று கேட்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எல்என்எஸும் ரேடியஸும் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் ரகசியச் சொல் தவறாக இருந்தால் எப்படித் தெரியும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் இது ஏமாற்றும். சந்தாதாரர் பாப்பில் வந்தால் கடவுச்சொல் அந்த ரகசியத்தால் மறைக்கப்பட்டுப் போகிறது. ரகசியம் தவறு என்றால் சர்வர் பக்கம் கடவுச்சொல் குப்பையாகத் தெரியும், நிராகரிக்கும். சாப்பில் வந்தால் அப்படி இல்லை. சாப் பதிலைச் சரிபார்க்க ரகசியம் தேவையில்லை, ஆகவே ரேடியஸ் லாகில் "ஏற்றுக்கொண்டேன்" என்று அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பதிலில் உள்ள கையொப்பம் பொருந்தாததால் எல்என்எஸ் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, ரேடியஸ் பதிலே சொல்லவில்லை என்று எழுதும். ஒரு பக்கம் ஏற்றுக்கொண்டேன், மறுபக்கம் பதில் வரவில்லை. இந்த ஜோடியைப் பார்த்தால் முதலில் ரகசியச் சொல்லைச் சந்தேகியுங்கள். 2024 ஜூலையில் பிளாஸ்ட்ரேடியஸ் என்ற பலவீனம் வெளிவந்த பிறகு, மெசேஜ்-ஆத்தென்டிகேட்டர் (அந்த ரகசியத்தால் செய்தி முழுவதற்கும் போடும் கையொப்பம்) கட்டாயம் என்று இரண்டு பக்கமும் வைப்பதுதான் சரி. அதை வைத்துவிட்டால் ரகசியம் தவறும்போது சர்வர் கோரிக்கையையே கைவிட்டுவிடும், லாகில் காரணமும் பெரும்பாலும் தெரியும்.

கணக்கு விஷயத்தில் தொடக்கம், முடிவு மட்டும் போதாது, நடுவில் வரும் தகவலும் வேண்டும். இடைவெளி 600 வினாடிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒரு எல்என்எஸ் திடீரென்று விழுந்தால் முடிவுச் செய்தி போகாது, அப்போது அந்த நடுத் தகவல்தான் உங்களிடம் மிஞ்சும். அதே காரணத்தால் ரேடியஸ் தரவில் "இவர் இன்னும் உள்ளே இருக்கிறார்" என்று பொய்யான செஷன்கள் தங்கிவிடும். ஒருவருக்கு ஒரு இணைப்புதான் என்று விதி வைத்திருந்தால், திரும்பி வரும் சந்தாதாரர் அவருடைய பழைய நிழலாலேயே தடுக்கப்படுவார். நடுத் தகவல் இரண்டு மூன்று தடவை வராத செஷனை மூடிவிடும் வேலை ஒன்று ரேடியஸ் பக்கம் ஓடட்டும்.

எம்டியு, இங்கேதான் பொறுமை வேண்டும்

கணக்கு இது. சந்தாதாரர் பாக்கெட்டுக்கு மேலே வெளி ஐபி தலைப்பு 20, யுடிபி 8, எல்2டிபி தலைப்பு பெரும்பாலும் 6 முதல் 12 (8 என்று வைத்துக்கொள்வோம்), பிபிபி 4. மொத்தம் 40 பைட். நடுப் பாதை 1500 மட்டும் தாங்கும் என்றால் சந்தாதாரருக்கு 1460தான் மிஞ்சும். ஆனால் பிபிபிஓஈ வைத்த ரவுட்டர் 1492 என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த 32 பைட் வித்தியாசம்தான் பாதித் தளங்கள் திறக்காத புகார்.

மிக நல்ல தீர்வு, நடுப் பாதையைப் பெரிதாக்கச் சொல்வது. 1492ஐயும் 40ஐயும் கூட்டினால் 1532. கொஞ்சம் இடம் விட்டு 1600 கேளுங்கள். கிடைத்தால் எம்டியு 1492, எம்எஸ்எஸ் 1452 என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கிடைக்காவிட்டால் எம்டியு 1460, எம்எஸ்எஸ் 1420. ஐபிவி6க்குத் தலைப்பு 20 பைட் அதிகம், ஆகவே எம்எஸ்எஸ் முறையே 1432, 1400. எம்எஸ்எஸ் திருத்தம் டிசிபிக்கு மட்டும்தான் உதவும், யுடிபியில் ஓடும் எதற்கும் உதவாது. அதனால் அதைச் செய்துவிட்டோம் என்று எம்டியுவை அப்படியே விட்டுவிடக் கூடாது.

வாய்ச்சொல்லை நம்பாமல் நீங்களே அளந்து பாருங்கள். சோதனைச் சந்தாதாரர் இணைப்பில் உட்கார்ந்து, துண்டாக்காதே என்ற குறியோடு 1432 பைட் பிங் போடுங்கள். தலைப்பு 28 சேர்ந்தால் 1460. அது போக வேண்டும். 1464 போட்டால் 1492 ஆகிறது. அது போகாமல், பெரிதாகிவிட்டது என்ற ஐசிஎம்பி செய்தியும் வராமல் மௌனமாக இருந்தால், நடுவில் யாரோ பாக்கெட்டை விழுங்குகிறார்கள். செய்தி வந்தால் பரவாயில்லை, கணினி தானாகக் குறைத்துக்கொள்ளும். ஐசிஎம்பி முழுவதையும் தடுத்து வைக்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

ரவுட்டிங்கும் ஐபிவி6உம்

ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு /32, அதாவது ஒற்றை முகவரிக்கான ரவுட், உருவாகும். அவற்றை அப்படியே நெட்வொர்க் முழுக்கப் பரப்பாதீர்கள், ஒவ்வொருவர் வந்து போகும்போதும் எல்லா ரவுட்டரும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். பூலை ஒரே தொகுப்பாக அறிவித்து, அந்தத் தொகுப்புக்கு ஒரு நல் (null) ரவுட், அதாவது பாக்கெட்டைக் கைவிட்டுவிடும் ரவுட், வையுங்கள், இல்லாவிட்டால் இணைப்பில் இல்லாத முகவரிக்கு வரும் பாக்கெட் உங்களுக்கும் அடுத்த ரவுட்டருக்கும் நடுவில் சுற்றும். நிலையான முகவரி வாங்கியவர்களின் /32 மட்டும் தனியாகப் போகட்டும். சந்தாதாரர் பக்கம் மூல முகவரிச் சோதனையையும் போடுங்கள், தனக்குக் கொடுக்காத முகவரியிலிருந்து யாரும் அனுப்பக் கூடாது.

ஐபிவி6 பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஐபிவி6சிபி பிபிபிக்குள்ளேயே பேசிக்கொள்ளும், இணைப்புக்கு ஒரு /64 தந்து, வீட்டுக்குள் பயன்படுத்த டிஹெச்சிபிவி6 மூலம் ஒரு முன்னொட்டு ஒதுக்கினால் போதும். இரண்டும் ரேடியஸிலிருந்தே வரலாம்.

நிஜச் சந்தாதாரர்களை விடுவதற்கு முன்

ஒரு டனலின் எல்லாப் பாக்கெட்டும் வெளியில் இருந்து பார்த்தால் ஒரே முகவரி ஜோடி, ஒரே போர்ட். அதனால் நான்கு இணைப்புகளைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தாலும் ஒரு டனல் முழுதும் ஒரே இணைப்பில் போய் நெரியும், லினக்ஸ் சர்வரில் ஒரே கோர் நிரம்பி மற்றவை சும்மா இருக்கும். எல்ஏசி ஒன்று மட்டும் இருந்தால் உங்கள் பக்கம் இரண்டு மூன்று டனல் முகவரிகள் வைத்து, எல்ஏசியின் ரேடியஸில் எல்லாவற்றையும் ஒரே முன்னுரிமையில் எழுதச் சொல்லுங்கள். மாற்று எல்என்எஸ் இருந்தால் அதற்கு முன்னுரிமை எண்ணைக் கூட்டி வையுங்கள், எண் குறைந்ததுதான் முதலில் எடுக்கப்படும்.

கடைசியாக, வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். இருபது முப்பது சோதனைச் செஷன் எழுப்பி, டனலை வெட்டுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி வரும்போது ரேடியஸ் தாங்குகிறதா என்று பாருங்கள். நிஜத்தில் அது ஆயிரங்களில் வரும், ஒரு வினாடிக்கு இத்தனை செஷன்தான் ஏற்பேன் என்ற வரம்பு உங்கள் பெட்டியில் இருந்தால் இப்போதே வையுங்கள். பிறகு ரேடியஸ் கணக்கைத் திறந்து, வெட்டிய ஒவ்வொரு செஷனுக்கும் முடிவுச் செய்தி வந்திருக்கிறதா, அதில் முகவரியும் பைட் எண்ணிக்கையும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். முப்பதுக்கு முப்பதும் இருந்தால் அடுத்த நாள் காலையில் முதல் எல்ஏசியைத் திறந்துவிடலாம். இருபத்தொன்பது இருந்தால், அந்த ஒன்று எங்கே போனது என்று கண்டுபிடிக்கும்வரை திறக்காதீர்கள்.